பாரம் முன்னே, பிள்ளை பின்னே: சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டுக் கல்வி விண்ணப்பம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்து ஓரமாக ஒரு மேசையைப் போட்டு உட்காருவேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்த வேலை இது. சம்பளம் கிடையாது, தே ஓ உண்டு. பிறப்புப் பத்திரம், சொக்சோ எனும் தொழிலாளர் சமூகக் காப்பீடு, சமூக நல இலாகா உதவி, உபகாரச் சம்பளம் என்று ஆளுக்கொரு பாரத்தோடு வருவார்கள். பெரும்பாலும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்தவர்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு, லயத்தை விட்டு டவுன் ஓரத் தாமான் வீடுகளுக்குக் குடி வந்த குடும்பங்கள்.

அந்த அம்மா வந்தது பள்ளி திறந்து ஏழாவது வாரம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே மூன்று உறைகள். இரண்டில் பள்ளியிலிருந்து வந்த எச்சரிக்கைக் கடிதங்கள். மூன்றாவதில் ஆஸ்பத்திரிக் கடிதம். அதன் தேதி நாலு மாதம் பழையது.

“ஐயா, பிள்ளையை வீட்டுலயே வச்சுப் படிக்க வைக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். அத எங்க பதியறது?”

“பள்ளிக்கு அனுப்பறத எப்போ நிறுத்துனீங்க?”

“நாலு வாரம் ஆச்சுங்கய்யா.”

என் மேசைக்கு வரும் வீட்டுக் கல்விக் கதைகளில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் இடறுகின்றன. முதலில் நிறுத்திவிடுகிறார்கள், அப்புறம் பதிய வருகிறார்கள். இந்தக் குடும்பம் அந்த முடிச்சிலிருந்து வெளியே வர ஏறக்குறைய ஒரு பள்ளியாண்டு பிடித்தது. அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். யார், எந்தப் பள்ளி என்பது இங்கே தேவையில்லை.

பிள்ளை

மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண். வீட்டில் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். ஒன்றாம் ஆண்டில் ஒரு நாள் காலையில் கண்ணிமை வீங்கி எழுந்தாள். கொசு கடித்திருக்கும் என்று நினைத்தார்கள். மறுநாள் கால் வீங்கியது, அப்புறம் வயிறு. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் நெப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்றார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டி ஓட்டையாகி, உடம்பில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியே போகும் நோய். பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு மாத்திரைக்குக் கட்டுப்படும். ஆனால் பல பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும். சாதாரண சளிக் காய்ச்சலே அதைக் கிளப்பிவிடலாம்.

அந்த வீட்டில் காலை எப்படி விடியும் என்று ஒரு நாள் பார்த்தேன். பல் தேய்க்கும் முன்னால் சின்னவள் ஒரு பழைய ஹோர்லிக்ஸ் குவளையில் சிறுநீர் பிடித்துக் கொண்டு வருவாள். பாட்டி ஒரு சோதனைக் குச்சியை அதில் நனைத்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் டப்பாவின் நிறங்களோடு ஒட்டிப் பார்ப்பார். மஞ்சளாகவே இருந்தால் நல்லது. பச்சை ஏற ஏறக் கெட்டது. ஒரு நாள் பச்சைக்குப் பயமில்லை, தொடர்ந்து மூன்று நாள் பச்சை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். பாட்டிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். இந்த நிறம் பார்ப்பதில் மட்டும் வீட்டில் அவரை மிஞ்ச ஆளில்லை. 555 சிட்டை நோட்டில் தேதி போட்டு அவரே குறித்துவைப்பார்.

ஸ்டீராய்டு அதிகமாகும்போது முகம் உப்பும், பசி அடங்காது, எரிச்சல் வரும். வகுப்பில் அவளுக்கு “பாவ்” என்று பெயர் வைத்துவிட்டார்கள், சீனர் கடையில் ஆவி பறக்க விற்கிற அந்த ரொட்டிதான். இரண்டாம் ஆண்டில் நோய் மூன்று முறை திரும்பியது. மூன்றாம் ஆண்டு தொடங்கிய மூன்றாம் வாரம் பக்கத்து மேசைப் பையனுக்கு அம்மை போட்டது. ஸ்டீராய்டில் இருக்கும் பிள்ளைக்கு அம்மை தொற்றினால் விளையாட்டில்லை. அன்று சாயந்திரமே அப்பா, “போதும், இனி அனுப்ப வேணாம்” என்று சொல்லிவிட்டார். அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அந்தக் கோபத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில் 2002இல் சேர்த்த 29ஏ பிரிவு, 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. இங்கே வசிக்கும் மலேசியக் குடிமக்களான பெற்றோருக்கு அது ஒரு கடமையைப் போடுகிறது. பள்ளியாண்டின் ஜனவரி முதல் தேதியில் பிள்ளைக்கு ஆறு வயது நிரம்பியிருந்தால் அந்த ஆண்டே தொடக்கப்பள்ளியில் சேர்க்க வேண்டும். சேர்த்ததோடு முடிந்துவிடாது. கட்டாயக் கல்விக் காலம் முழுக்கப் பிள்ளை அங்கே மாணவராக இருந்தாக வேண்டும். தவறினால் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2025இல் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் இந்தக் கட்டாயத்தை இடைநிலைக் கல்விக்கும் நீட்டுகிறது.

அதே பிரிவில் ஒரு ஜன்னலும் உண்டு. மாணவர் நலனுக்கோ பொதுநலனுக்கோ நல்லது என்று கருதினால், கல்வி அமைச்சர் ஒரு மாணவருக்கு விலக்குக் கொடுக்கலாம். முழுதாகக் கொடுக்கலாம், நிபந்தனையோடும் கொடுக்கலாம். மலேசியாவில் வீட்டுக் கல்வி இந்த ஜன்னல் வழியாகத்தான் நடக்கிறது. ஆகவே “வீட்டுக் கல்வியைப் பதிவது” என்று நாம் சொல்வது உண்மையில் பதிவே இல்லை, கட்டாயக் கல்வியிலிருந்து விலக்குக் கேட்பது. அது வரும்வரை பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். பெயர் இருக்கிறவரை, வராத ஒவ்வொரு நாளுக்கும் பள்ளி கணக்குக் கேட்கும். எச்சரிக்கைக் கடிதம் பள்ளியின் கோபம் இல்லை, அதன் வேலை.

இதை அந்த அம்மாவுக்கு விளக்கும்போது பாட்டி குறுக்கே வந்தார். “நான் மூணாவதோட நின்னேன். ஒரு லெட்டரும் வரலையே!” நியாயமான கேள்வி. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. கடமை அன்றைக்குத் துரையுடையது. தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளையை நிறுத்திய தகப்பனை யாரும் கேட்கவில்லை. சரியாக எண்பது வருஷம் கழித்துத்தான் சட்டம் பெற்றோர் பக்கம் திரும்பியது. தோட்டத்துப் பிள்ளைகள் பாதியில் நின்றுபோன கதையை நேரில் பார்த்தவன் நான். அதனால் இந்தச் சட்டத்தின்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. சின்னவள் மாதிரி ஒரு பிள்ளைக்கு அந்த ஜன்னலைத் திறப்பதுதான் இவ்வளவு சுற்றாக இருக்கிறது.

போய்த் தொலைந்த 350 வெள்ளி

என்னிடம் வருவதற்கு முன்னால் அவர்கள் வேறொரு கதவைத் தட்டியிருந்தார்கள். வேறு ஊரிலிருந்து ஒரு “ஹோம்ஸ்கூல் மையம்”, வாட்ஸ்அப்பிலேயே எல்லாம். பாடம் ஆன்லைனில், சான்றிதழ் அவர்களே தருவார்கள், “அரசாங்கத்துல ஒன்னும் பதிய வேணாம், நாங்க பாத்துக்குறோம்.” முன்பணம் 350 வெள்ளி. கட்டிய பிறகு நாலு பிடிஎஃப் கோப்புகள் வந்தன. எச்சரிக்கைக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பியதும், “அது உங்கள் சொந்த விஷயம்” என்று பதில் வந்தது. பணம் வந்தபாடில்லை.

எல்லா மையமும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஒரு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்வி நிலையம் எதுவானாலும் கல்விச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வழக்கமாகப் பாடம் படிக்கும் இடத்தைச் சட்டம் பள்ளி என்றே சொல்கிறது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சான்றிதழ் இருந்தாலும், அங்கே கட்டும் பணம் உங்கள் பிள்ளைக்கு 29ஏயிலிருந்து விலக்கு வாங்கித் தராது.

பின்னால் தெருவில் இன்னும் சில அம்மாக்கள், “எங்க பிள்ளைங்களையும் சேத்து உக்கார வச்சுக்கயேன் அக்கா” என்று கேட்டபோது, அந்தப் பத்துக் கணக்கைச் சொல்லித்தான் சின்னவளின் அம்மா மறுத்தார். துரைக்குப் போட்ட அதே பத்து.

எம்சி போதாதா?

திங்கட்கிழமை காலையிலேயே பள்ளிக்குப் போனோம். மாணவர் நலத் துணைத்தலைமையாசிரியர் முதலில் கேட்டது எம்சி எனும் மருத்துவ விடுப்புச் சான்றிதழைத்தான். ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களுக்கு மட்டும் எம்சி இருந்தது, வீட்டில் இருந்த நாட்களுக்கு இல்லை. விளக்கக் கடிதம் ஒன்றை எழுதிக் கொடுத்தோம். விலக்கு விண்ணப்பம் முடிவாகும்வரை வகுப்பாசிரியை வாரம் ஒரு முறை பாடத்தாள் கொடுத்தனுப்புவதாக ஒத்துக்கொண்டார். பள்ளியிலிருந்து இரவல் வாங்கிய பாடநூல்களும் கையிலேயே இருந்தன. பெயர் பதிவேட்டில் இருப்பதால் வந்த நன்மை இது. கோபத்தில் பெயரை வெட்டச் சொல்லியிருந்தால் இதுவும் போயிருக்கும்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கல்வி வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தேவை ஓர் ஒழுங்கான எம்சியும் மனசுள்ள வகுப்பாசிரியரும்தான். நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்காகச் சில அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2011இலிருந்து மருத்துவமனைப் பள்ளி நடக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பள்ளி எடுக்காது என்று யாரோ சொன்னதை நம்பி வீட்டில் வைத்திருப்பவர்களும் வருகிறார்கள். 2019இலிருந்து சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை மறுக்கக்கூடாது என்பதே அரசாங்கத்தின் கொள்கை. அவர்களை நான் விலக்குப் பாரத்தின் பக்கமே விடுவதில்லை. சிறப்புக் கல்வி வகுப்புக்குத்தான் அனுப்புகிறேன்.

சின்னவள் விஷயத்தில் எம்சி போதவில்லை. டாக்டர் அடுத்த கிளினிக் தேதிவரைதான் எம்சி கொடுப்பார். முந்தைய ஆண்டு பாதி நாள் இப்படியே போய், அவளுடைய மதிப்பீட்டுப் பதிவில் வெற்றிடங்கள் விழுந்திருந்தன. எம்சி வராத நாளை மன்னிக்கும், பாடத்தை யார் நடத்துவது என்று கேட்காது.

டாக்டரிடம் இரண்டு கடிதம்

இந்தக் கதையில் மிகவும் கடினமான ஆள் டாக்டர்தான். நல்ல டாக்டர், அதனால்தான் கடினம்.

பழைய கடிதத்தில் இருந்தது இவ்வளவே: பிள்ளைக்கு இன்ன நோய், தொடர் சிகிச்சையில் இருக்கிறாள், எளிதில் சோர்வடைவாள், தயவுசெய்து உதவவும். இந்தக் கடிதத்தைப் பார்க்கும் அதிகாரி, உடற்பயிற்சிப் பாடத்திலிருந்து விலக்குக் கொடுத்தால் போதுமே என்று நினைப்பார். நியாயம்தானே. புதுக் கடிதம் கேட்டபோது டாக்டர் மறுத்தார். இந்த நோயுள்ள பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளிக்குப் போகலாம், போகவும் வேண்டும், வீட்டில் அடைத்துவைப்பதற்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். அம்மா அழுதுவிட்டார்.

நிலைமை மாறியது மருந்தால். அந்த மாதமே நோய் மறுபடி திரும்பியது. ஸ்டீராய்டைக் குறைக்கும்போதெல்லாம் திரும்புகிறது என்பதால் சைக்ளோபாஸ்பமைட் கொடுக்க முடிவு செய்தார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கொடுக்கிற மருந்து. அந்தக் காலத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கலாம். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், தொற்றுக்கு மிகவும் பயப்பட வேண்டும். அதற்கப்புறமும் ஸ்டீராய்டைப் படிப்படியாக இறக்க மாதங்கள் ஆகும். இப்போது டாக்டரே சொன்னார், “இந்த ஆண்டு முடியும்வரை எழுதுகிறேன். அடுத்த ஆண்டுக்குக் கேட்காதீர்கள்.”

இரண்டாவது கடிதம் ஒன்றரைப் பக்கம். நோயின் பெயர், எத்தனை முறை திரும்பியது, என்ன மருந்து, எவ்வளவு காலம், கூட்டத்தில் இருந்தால் என்ன ஆபத்து, எந்தத் தேதிவரை, எப்போது மறுபரிசீலனை. கடைசி வரியில், உடல்நிலை அனுமதித்ததும் பிள்ளை பள்ளிக்குத் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு அந்தக் கடைசி வரி பிடிக்கவில்லை. எடுத்துவிடச் சொல்லலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பிற்பாடு விண்ணப்பத்துக்குப் பலமாக இருந்தது அந்த வரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். காலவரை உள்ள கோரிக்கைக்குச் சரி சொல்வது எந்த அதிகாரிக்கும் எளிது.

கோப்பு

மாவட்டக் கல்வி இலாகாவுக்கு நானும் கூடப் போனேன். அங்கே நான் பட்ட அவமானத்தையும் எழுதிவிட வேண்டும். என் மலாயில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. விண்ணப்பக் கடிதத்தை நானே எழுதியிருந்தேன், தலைப்பு “வீட்டில் கற்க அனுமதி கோருதல்”. கவுண்டரில் இருந்த பெண் படித்துவிட்டுச் சிரித்தார். “சிக்கு (ஆசிரியரே), வீட்டில் படிக்க யாரிடமும் அனுமதி தேவையில்லையே. எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் படிக்கத்தான் செய்கிறார்கள். நீங்கள் கேட்பது கட்டாயக் கல்வியிலிருந்து விலக்கு. அப்படியே எழுதுங்கள்.” முப்பது வருஷம் பிள்ளைகளின் கட்டுரையில் தலைப்பைத் திருத்தியவன், அங்கேயே உட்கார்ந்து தலைப்பை மாற்றி எழுதினேன்.

இலாகா கேட்டதும் நாங்களாகச் சேர்த்ததுமாகக் கோப்பில் போனவை: பிறப்புப் பத்திரம், மைகிட் எனும் பிள்ளையின் அடையாள அட்டை, பெற்றோர் இருவரின் அடையாள அட்டை, டாக்டரின் இரண்டாவது கடிதம், பள்ளியின் கடிதம், யார் சொல்லிக்கொடுக்கப் போகிறார் என்ற விவரம், என்ன படிக்கப் போகிறாள் என்ற திட்டம், கால அட்டவணை. எல்லாவற்றிலும் ஒரு நகல் வீட்டில். எந்தத் தாளை யாரிடம் எந்தத் தேதியில் கொடுத்தோம் என்பதைப் பாட்டியின் 555 நோட்டின் பின்பக்கத்திலேயே எழுதிவைத்தோம். முன்பக்கம் மஞ்சள் பச்சை, பின்பக்கம் இலாகா. விலக்குக் கொடுக்கும் அதிகாரம் மேலே இருப்பதால் மாவட்டத்தில் கொடுத்த தாள் மாநிலம், அமைச்சு என்று ஏறிப்போகும். அதற்கான நாட்களை எண்ணிக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

பாடத்திட்டத்தில் நாங்கள் புதுமை எதுவும் செய்யவில்லை. தேசியப் பாடத்திட்டத்தின் மூன்றாம் ஆண்டுப் பாடங்களை அப்படியே எடுத்துக்கொண்டோம். அமைச்சு ஒவ்வொரு பாடத்துக்கும் வெளியிடும் கலைத்திட்ட மதிப்பீட்டு ஆவணம் இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்டு முழுக்க என்ன கற்க வேண்டும் என்பது அதில் எண் போட்டு வரிவரியாக இருக்கும். அம்மா தினமும் பேனாவால் டிக் போடுவதற்கு அதைவிட நல்ல பட்டியல் கிடையாது. வெளிநாட்டுப் பாடத்திட்டம் வைத்தால் என்ன என்று அப்பா கேட்டார். பிள்ளை அடுத்த ஆண்டு திரும்பிப் போக வேண்டிய இடம் தமிழ்ப்பள்ளியின் நாலாம் ஆண்டு. வேறு ரயிலில் ஏற்றிவிட்டு இந்த ஸ்டேஷனில் எப்படி இறக்குவது?

அட்டவணையில்தான் சிரிப்பு வந்தது. அம்மா முதலில் போட்டுக்கொண்டு வந்தது காலை 7.30 முதல் 1.00 வரை, பள்ளியில் மணி அடிக்கிற மாதிரியே அரை மணி அரை மணியாக. “இத ஒரு வாரம் நடத்திப் பாத்துட்டு வாங்கம்மா” என்று அனுப்பினேன். நாலாம் நாளே வந்துவிட்டார். காலை மாத்திரைக்கு அப்புறம் சின்னவளுக்கு ஒரு மணி நேரம் எரிச்சல், பத்தரைக்கு மேல் பசி, பதினொன்றரைக்குத் தூக்கம். கடைசியில் எழுதியது ஒன்பது முதல் பதினொன்றரை, சாயந்திரம் ஐந்து முதல் ஆறு, ஆஸ்பத்திரி நாளில் விடுமுறை. மணிக்கணக்குக் குறைவாகத் தெரிகிறதே, நிராகரித்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தார். நாற்பது பேருக்கு நடுவில் அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்கு என்ன போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியும். எதிரே ஒரே பிள்ளை உட்கார்ந்திருந்தால் பத்து நிமிடம் போதும். அதைவிட முக்கியம், யாராவது வந்து பார்த்தால் தாளில் இருப்பதுதான் வீட்டிலும் நடக்க வேண்டும்.

வீட்டில் நடந்த பாடம்

அம்மா ஐந்தாம் படிவம்வரை படித்தவர். சூப்பர்மார்க்கெட் காசாளர் வேலையை விட்டிருந்தார். தமிழும் கணிதமும் பயமில்லை. ஆங்கிலம் தடுமாற்றம், அதற்கு நான் வாரம் இரண்டு நாள் போனேன். மலாய்க்குப் பக்கத்து வீட்டு மக்சிக் கிடைத்தார். தினம் கால் மணி நேரம் வேலி ஓரம் நாற்காலி போட்டுக் கதைப் புத்தகம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். கட்டணம் வெள்ளிக்கிழமை தோசை. உள்ளே கூப்பிடாமல் வேலியோடு நிறுத்தியது தொற்றுப் பயத்தில். மக்சிக் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

கணிதத்தை அப்பா நடத்தினார், அவருக்கே தெரியாமல். செம்பனை ஆலையில் லோரியை எடை மேடையில் ஏற்றுவார்கள். குலையோடு ஒரு எடை, இறக்கிய பிறகு காலி லோரியாக ஒரு எடை. கழித்தால் குலையின் எடை. அந்தச் சீட்டுகள் சட்டைப் பையில் கசங்கி வீட்டுக்கு வரும். ஒரு நாள் சின்னவள் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தாள். ஏற்றி 7,340 கிலோ, காலி 4,260. மூன்றாம் ஆண்டுக் கணிதத்தில் எண்கள் 10,000 வரைதான், சீட்டு அதற்குள் அழகாக அடங்கியது. பத்தாம் இடத்தில் 4லிருந்து 6 போகாது, பக்கத்தில் கடன் வாங்க வேண்டும். பாடநூலில் இந்த இடத்தில் இரண்டு மாதமாக முட்டிக்கொண்டிருந்தவள், 3,080 என்று எழுதிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். சீட்டின் கீழே அச்சடித்திருந்ததும் அதுதான்.

அதற்கப்புறம் சாயந்திரப் பாடம் முழுக்கச் சீட்டுதான். அப்பா கீழ் எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடிப்பார், அவள் கண்டுபிடிப்பாள். இன்னொரு நாள் முதல் எண்ணை மட்டும் சொல்லி, குலை எவ்வளவு என்று கேட்டார். “எந்த லோரிப்பா? பழசா, புதுசா?” என்றாள். பழசு காலியாக 4,260. புதுசு 4,510. எந்த லோரி என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்க நான் என்ன பாடு பட்டிருப்பேன்!

எல்லாம் இப்படிப் போகவில்லை. அறிவியல் இரண்டு மாதம் பின்தங்கியது. நன்னெறிப் பாடத்தை அம்மா விட்டேவிட்டார், “அத டிவி பாத்துக் கத்துப்பா” என்று. அம்மாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சலித்துப்போன வாரங்கள் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா எனக்கு அனுப்பிய செய்தி: “ஐயா, இன்னிக்கு ரெண்டு பேரும் அழுதோம். டிக் போடல.” மறுநாள் குச்சி மஞ்சள் என்று இன்னொரு செய்தி வந்தது.

அப்புறம் ஒரு விஷயம், ஆண்டு 6இல் யூபிஎஸ்ஆர் சோதனை 2021லிருந்து கிடையாது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இது நிம்மதி மாதிரித் தெரியும். ஆனால் படித்தாள் என்று காட்டவும் சோதனை இல்லை. பள்ளியில் ஆசிரியர்கள் வகுப்பறை மதிப்பீட்டில் ஒவ்வொரு திறனுக்கும் 1 முதல் 6 வரை அடைவு நிலை போடுகிறார்கள். நாங்களும் அதே அளவுகோலை வைத்துக்கொண்டு, தேதி போட்ட பயிற்சித்தாள்களைப் பாட வாரியாகக் கோப்பில் சேர்த்தோம். எடைச் சீட்டுகளும் ஒட்டப்பட்டன, எண்ணெய்க் கறையோடு.

வந்து பார்த்தார்கள்

விண்ணப்பித்து மூன்றாம் மாதம் இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா முதல் நாளே வீட்டைக் கழுவிவிட்டு, சாமி மேசைக்குப் பக்கத்தில் இருந்த படிப்பு மேசைக்குப் புதுத் துணி விரித்திருந்தார். அவர்கள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு மணியைப் பார்த்தார்கள். கோப்பைப் புரட்டினார்கள். மலாயில் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார்கள். சின்னவள் மக்சிக்கின் ராகத்திலேயே, வாக்கியக் கடைசியை இழுத்து இழுத்து வாசித்தாள். “யார் சொல்லிக்கொடுத்தது?” என்று கேட்டுச் சிரித்தார் ஒருவர். அறிவியல் பின்தங்கியிருப்பதைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள், குறித்துக்கொண்டார்கள். நன்னெறி எங்கே என்றும் கேட்டார்கள். அம்மா என்னைப் பார்த்தார், நான் விசிறியைப் பார்த்தேன்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. விலக்கு, அந்தப் பள்ளியாண்டு முடியும்வரை, நிபந்தனையோடு. அப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று கேட்டார். நகல் எடுத்துவிட்டு மாட்டுங்கள் என்றேன். அந்தக் கடிதம் கையில் இருந்தது சில மாதம்தான். அதற்கு முந்தைய மாதங்களை எம்சியும் பள்ளியோடு நடந்த கடிதப் போக்குவரத்தும்தான் தாங்கின. அந்த நாட்களில் மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம் வரவில்லை.

ஆண்டு இறுதிக்குள் சைக்ளோபாஸ்பமைட் முடிந்து பல வாரம் ஆகியிருந்தது. குச்சி மஞ்சளாகவே நின்றது. முகம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. டாக்டர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்: அடுத்த ஆண்டுக்குக் கடிதம் இல்லை. அம்மாவுக்கு உள்ளூர ஏமாற்றம் என்று எனக்குத் தோன்றியது. இன்னொரு ஆண்டு நீட்டிக்க வழி உண்டா என்று ஒரு முறை கேட்டார். நாலாம் ஆண்டில் வரலாறு புதுப் பாடமாக வருகிறது, பின்னால் இடைநிலைப்பள்ளி முடிவில் எஸ்பிஎம் சான்றிதழ் வேண்டும் என்றால் மலாயோடு வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். பாட்டிதான் முடித்துவைத்தார். “போகட்டும். எனக்குக் கிடைச்சிருந்தா நான் போயிருப்பேன்.”

பள்ளி திறந்த அன்று வகுப்பாசிரியையிடம் ஒரு தாள் கொடுத்தோம். அம்மை, காய்ச்சல் யாருக்கு வந்தாலும் உடனே போன் செய்ய வேண்டும். காலையில் குச்சி பச்சை என்றால் அன்று தாமதமாக வருவாள். பக்கத்தில் யாரை உட்காரவைப்பது என்பதை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

இரண்டாம் வாரம் அந்த ஆசிரியை என்னைக் கோயிலில் பார்த்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார். கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினாராம். ஒரு லோரி டுரியான் பழத்தோடு 7,850 கிலோ. பழம் மட்டும் எவ்வளவு என்று கேட்பதற்குள், காலி லோரியின் எடையை எழுத மறந்துவிட்டார். வகுப்பில் பாதிப் பேர் எதையோ கூட்டிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“எந்த லோரி, டீச்சர்?”